‘தயவுசெய்து’ இல்லாத இரண்டு மொழிகள்

1

இந்த நிறுவனத்தில் நான் சேர்ந்து பத்து வருடம் முடிந்ததற்கு வாழ்த்துச் சொல்லி ஒரு மெயில் வந்திருந்தது. மனிதர் யாரும் எழுதியதில்லை, இயந்திரம் அனுப்பியது. அப்படித் தானாக வரும் மெயில்களையெல்லாம் ‘பிறகு’ என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிடும்படி நானே ஒரு விதி போட்டு வைத்திருப்பதால், என் வாழ்த்தும் நேராக அங்கே போய் விழுந்து கிடந்தது. சில நாள் கழித்து வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. ‘அன்புள்ள கலாராணி’ என்று தொடங்கி, கீழே ஒரு பலூன் படம்.

பின்லாந்தில் குளிர்காலக் காலை எட்டு மணிக்கும் விடிவதில்லை. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். அதன்மேல் யாராவது ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து போவார். நடக்கிறாரா மிதக்கிறாரா என்று அந்த அரைகுறை வெளிச்சத்தில் சொல்ல முடியாது. அலுவலகத்துக்குக் கிளம்புமுன் நான் விளக்குப் போடாமல் கணினியை மட்டும் திறப்பேன். திரையில் ஒவ்வொன்றாகப் பெயர்கள் ஏறிவரும். முத்துப்பாண்டி. அழகுராஜா. ஜெயந்தி. அங்கே மதுரையில் அந்நேரம் வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

இது எனக்கு இன்றைக்கும் கனவு போலத்தான் இருக்கிறது. வில்லாபுரத்தில் பிறந்து வளர்ந்து, படித்து, கல்யாணமாகி, இத்தனை தொலைவு வந்து உட்கார்ந்தேன். எங்கள் நிறுவனம் உலகத்தில் எந்த ஊரில் வேண்டுமானாலும் உதவி அலுவலகம் திறந்திருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் மதுரையில் திறந்தது. அன்றிலிருந்து என் ஊர் தினமும் காலையில் என் இன்பாக்ஸுக்குள் வந்து நிற்கிறது.

2

இன்பாக்ஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வந்த புதிதில் மெயிலைத் திறக்கவே தயங்குவேன். விடுமுறை எடுத்துத் திரும்பினால் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கும். எது அவசரம், எது சும்மா தகவலுக்கு, எதில் என் பெயரை ஒப்புக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று பிரித்தறியத் தெரியாது. எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, எழுதியது சரியா என்று பயந்து, வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

பிறகு மெல்ல ஒரு ஒழுங்கு வந்தது. ஒரு மெயிலை ஒருமுறைதான் திறப்பது. உடனே முடிவதை உடனே முடிப்பது. மிச்சத்தை ‘இன்று’, ‘இந்த வாரம்’, ‘மற்றவர் கையில்’ என்று பிரித்துப் போடுவது. சாயங்காலம் கிளம்பும்போது இன்பாக்ஸ் காலியாக இருக்க வேண்டும். கூட்டிப் பெருக்கிய அறை மாதிரி அந்த வெறும் திரையைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்ன போதையே உண்டு. என் கணவர் கேலி செய்வார். பதினான்கு வயதாகும் என் மகள் யாழினி கேலிகூடச் செய்யமாட்டாள். அவள் தலைமுறைக்கு மெயில் என்பதே பழைய காலத்துச் சாமான்.

இங்கே ஆட்கள் எழுதும் மெயில் இரண்டு வரியைத் தாண்டாது. ‘பாகம் வந்தது. நாளை பொருத்துகிறேன். பெக்கா.’ பெக்கா எங்கள் தொழில்நுட்பப் பிரிவில் இருப்பவர். எங்கள் நிறுவனம் அறுவைசிகிச்சை அறைகளில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களைச் செய்கிறது. எங்காவது இயந்திரம் பழுதானால் ஆள் அனுப்புகிறவர் பெக்காதான். பல நாள் அவர் பதில் ‘ஓகே’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும்.

மதுரை அணியில் இருக்கும் ஜெயந்தி ஒருநாள் எனக்குப் போன் செய்தார்.

“அக்கா, பெக்கா சாருக்கு என் மேல எதுவும் கோவமா?”

“ஏன் கேக்குறீங்க?”

“அம்புட்டுப் பெரிய மெயில் எழுதிருந்தேன். ஓகேன்னு மட்டும் போட்டுருக்காரு. அதுலயும் பக்கத்துல ஒரு முற்றுப்புள்ளி வச்சுருக்காருக்கா.”

கோபமில்லை, அவர் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார் என்றேன். ஜெயந்தி நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

ஜெயந்தி சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டில் சௌராஷ்டிர மொழி, அலுவலகத்தில் தமிழ், மெயிலில் ஆங்கிலம். எங்கள் அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு என்பது பேசும்போது தெரியவந்தது. அவர்கள் குடும்பத்தில் அலுவலகம் என்று வேலைக்குப் போன முதல் பெண் அவர். அந்த வேலை இருக்கிற வரைக்கும்தான் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட முடியும் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

3

போன வசந்தத்தில் அது நடந்தது. இங்கிருந்து வெகுதூரம் வடக்கே, ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் எங்கள் இயந்திரம் காலையில் நின்றுபோனது. அவர்கள் உடனே எங்கள் பொது முகவரிக்கு மெயில் போட்டார்கள். அந்தப் பொது இன்பாக்ஸை மதுரை அணிதான் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அன்றைக்கு முழுக்கப் பழுதுபார்க்க யாரும் போகவில்லை. அறுவைசிகிச்சைக்காகப் பட்டினி போட்டுப் படுக்கவைத்திருந்த ஒரு முதியவரைத் திரும்ப வார்டுக்கே தள்ளிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மறுநாள் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றாலும், மருத்துவமனைத் தலைவர் எங்கள் மேலாளர் ஹன்னாவை நேராகக் கூப்பிட்டுப் பேசிவிட்டார்.

ஹன்னா பொது இன்பாக்ஸைத் திறந்து பார்த்தார். அந்த மெயிலை ஜெயந்தி திறந்து படித்திருக்கிறார், அதன்கீழ் பதில் எதுவும் இல்லை. பெக்காவைக் கேட்டார். ஆள் அனுப்பச் சொல்லி தனக்கு எந்த வேண்டுகோளும் வரவில்லை என்றார் பெக்கா. பெக்கா பொய் சொல்லத் தெரியாதவர், எல்லோருக்கும் தெரியும். ஹன்னா ஜெயந்தியிடம் விளக்கம் கேட்டு எழுதினார். ஜெயந்தி உடனே, நடந்ததற்கு மிகவும் வருந்துவதாகவும், ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றும், இனிமேல் இப்படி நடக்காது என்றும் பதில் போட்டார்.

அவ்வளவுதான். இந்த ஊரில் மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாக அர்த்தம்.

ஹன்னா என்னை அழைத்தார். நான் கோடை விடுமுறைக்கு மதுரை போகிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

“அந்த இன்பாக்ஸ் குழப்பமாக இருக்கிறது. போய்ப் பாருங்கள். ஜெயந்தியை வைத்துக்கொள்ளலாமா என்றும் சொல்லுங்கள்” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஏரிக்கரை வழியாக நடந்தே வீட்டுக்குப் போனேன். பனி உருகி எங்கும் ஈரமாக இருந்தது. சொந்த ஊருக்குப் போகிற சந்தோஷத்தோடு இப்படி ஒரு வேலையையும் பெட்டிக்குள் வைத்துக் கட்ட வேண்டியிருக்கிறதே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

4

விமானம் மதுரைக்கு இறங்கும்போது கீழே கண்மாய்கள் உடைந்த கண்ணாடித் துண்டுகளாக மின்னின. பாதி கண்மாய்களில் தண்ணீரில்லை, மண்தான் மின்னியது. யாழினி காதிலிருந்து இயர்போனைக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் அண்ணன் செந்தில் இருசக்கர வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். நிறையப் பேசுகிறவர். வந்த அன்றே மருமகளை உட்காரவைத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி. சாப்பிட்டியாத்தா, பிரயாணம் சவுகரியமா, ஊர் பிடிச்சிருக்கா? எல்லாவற்றுக்கும் அவள் தலையை ஆட்டி, “யோ… யோ…” என்றாள்.

அண்ணன் முகம் மாறிவிட்டது. அடுப்படிக்கு எழுந்து வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஏ கலா, என்ன புள்ள இது? தாய்மாமனைப் பாத்து யோ யோங்குது! அங்கிட்டுப் பள்ளிக்கூடத்துல இதத்தேன் சொல்லிக் குடுக்குறாகளா?”

பின்னிஷ் மொழியில் ‘யோ’ என்றால் ‘ஆமாம்’ என்று நான் விளக்கிச் சொன்னதும் வீடே சிரித்தது. யாழினிக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. தமிழில் ‘யோ’ என்று யாரைக் கூப்பிடுவார்கள் என்று சொன்னபிறகு அவளும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ரிங் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் இறக்கிவிட்டார். “சாயங்காலம் வாரேன். யார் வேலையையும் எடுத்துப்புட்டு வந்துறாத” என்றார். அவருக்கு விஷயம் தெரியும், முந்தின நாள் நான்தான் சொல்லியிருந்தேன்.

5

ஜெயந்தியை நேரில் பார்ப்பது அதுதான் முதல்முறை. குரலை வைத்து நெடுநெடுவென்ற பெண் ஒருவரை நான் மனதில் வரைந்து வைத்திருந்தேன். இவர் என் தோளுக்குத்தான் இருந்தார். “அக்கா வாங்க” என்று சிரித்தார், ஆனால் கை என் கையைப் பிடித்தபோது சில்லென்றிருந்தது.

பொது இன்பாக்ஸைத் திறந்தோம். திறக்காத மெயில்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஒரே மெயிலை அணியில் இருக்கும் ஆறு பேரும் பார்க்கிறார்கள். எல்லோரும் எல்லோருக்கும் ஒரு பிரதி அனுப்புகிறார்கள். நாளைக்கு யாராவது கேட்டால் ‘நான் அனுப்பினேனே’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற பயம்தான் காரணம். இன்னொருவர் பார்த்திருப்பார் என்ற நினைப்பில் முக்கியமானவை அடியில் போய்விட்டிருந்தன. நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வெளியே வேப்பமரத்து நிழல் கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் மெயிலைத் திறக்கத் தயங்கி உட்கார்ந்திருந்த என்னையே யாரோ இங்கே கொண்டுவந்து உட்காரவைத்ததுபோல் இருந்தது.

“அந்த வடக்கு ஊர் மெயிலைப் பாத்தீங்கல்ல? அப்புறம் என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“உடனே பெக்கா சாருக்கு எழுதுனேனேக்கா!”

“எங்க? அதுக்குக் கீழ பதிலே இல்லையே.”

“பொது மெயில்லருந்து எழுதுனா மரியாதையா இருக்காதுன்னு என் ஐடிலருந்து புதுசா எழுதுனேன்.”

அவர் தன் மெயில் பெட்டியைத் திறந்து அதைக் காட்டினார். மருத்துவமனை எழுதிய சில நிமிடங்களுக்குள் போயிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். சென்ற வாரம் தாங்கள் செய்த பேருதவிக்கு எங்கள் அணியின் சார்பில் மனமார்ந்த நன்றி. தங்கள் மேலான கவனத்துக்கு ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறேன். வடக்கே உள்ள மருத்துவமனையிலிருந்து இயந்திரம் தொடர்பாக ஒரு தகவல் வந்துள்ளது. தாங்கள் கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

நான் அதை ஜெயந்தியாக ஒருமுறை படித்தேன். அவசரமும் பணிவும் தெரிந்தன. பிறகு பெக்காவாகப் படித்தேன். யாரோ நலம் விசாரிக்கிறார்கள். யாரோ நன்றி சொல்கிறார்கள். ஏதோ தகவல் வந்திருக்கிறதாம். இயந்திரம் நின்றுவிட்டது என்று எங்கேயும் இல்லை. ஆள் அனுப்புங்கள் என்றும் இல்லை.

இதை ஜெயந்தியிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கவில்லை. கோபம்தான் வந்தது.

“எம்புட்டு மரியாதையா எழுதிருக்கேன்! மரியாதையா எழுதுனது தப்பாக்கா? பள்ளிக்கூடத்துலருந்து இப்படித்தான சொல்லிக் குடுத்தாங்க? ட்ரெய்னிங்லயும் இதத்தான சொன்னாங்க?”

“தப்பில்ல. ஆனா அவருக்குப் புரியல.”

“ஆவன செய்யுங்கன்னு போட்டுருக்கேனே?”

“என்ன ஆவனன்னு நீங்க சொல்லலையே ஜெயந்தி.”

நான் மெதுவாகக் கேட்டேன், “இதையே உங்க தம்பிக்குப் போன்ல சொல்றதா இருந்தா எப்படிச் சொல்வீங்க?”

“தம்பிகிட்ட சௌராஷ்டிரால பேசுவேன்.”

“தமிழ்ல சொல்லுங்க, எனக்குப் புரியணும்ல.”

கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னார்: “மெஷின் நின்னுருச்சுடா. உள்ள ஆள் படுத்திருக்காங்க. இப்பவே ஒரு ஆளை அனுப்பு.”

“இதுல ‘தயவுசெய்து’ எங்க?”

“வீட்டு ஆளுகிட்ட அதெல்லாம் எதுக்குக்கா?”

எனக்கு அப்போதுதான் பொறிதட்டியது. பின்னிஷ் மொழியில் ‘தயவுசெய்து’ என்பதற்கு நேரான சொல் கிடையாது. பின்லாந்துக்கு வந்த புதிதில் மொழி வகுப்பில் அதைக் கேட்டுவிட்டு நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். ஆனால் நம் வாய்ப்பேச்சில் மட்டும் அந்தச் சொல் எங்கே இருக்கிறது? யார் வீட்டில் ‘தயவுசெய்து தண்ணீர் கொடு’ என்கிறார்கள்? ஒரு ‘கொஞ்சம்’ போட்டு, குரலைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் முடிந்தது. அந்தச் சொல் தேவைப்படாத இரண்டு மொழிக்காரர்கள், அந்தச் சொல் நிரம்பி வழியும் மூன்றாவது மொழியில் சந்தித்துக்கொண்டிருக்கிறார்கள். குழப்பமெல்லாம் அந்த நடுவழியில்தான்.

“பெக்காவுக்கும் தம்பிக்கு மாதிரியே எழுதுங்க. ‘டா’ மட்டும் வேண்டாம்” என்றேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் அந்த இன்பாக்ஸைத்தான் துப்புரவு செய்தோம். ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரே ஒருவர் பொறுப்பு, அவர் பெயர் அதன்மேல் தெரிய வேண்டும். பதில் எழுதினால் வந்த மெயிலுக்குக் கீழேயே எழுத வேண்டும். இயந்திரம் நின்றுவிட்டது என்றால் மெயிலோடு நிற்காமல் போனையும் எடுக்க வேண்டும். அழகுராஜா அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் பையன். பழைய மெயில்களை ஆயிரக்கணக்கில் அள்ளி ‘முடிந்தது’ ஃபோல்டரில் போட்டுவிட்டு, “அக்கா, தலைச்சுமை எறங்குன மாதிரி இருக்கு” என்றான்.

6

ஹன்னாவோடும் பெக்காவோடும் வீடியோவில் பேச வெள்ளிக்கிழமை ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னால் ஜெயந்தி என்னிடம் கேட்டார், “அக்கா, ஆரம்பத்துலயே ஒரு மன்னிப்புக் கேட்டுறவா?”

“கேட்டுறாதீங்க!” என்றேன். கத்தியே விட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அந்த மெயிலைத் திரையில் காட்டினேன். பெக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு பேசாமல் இருந்தார். பின்லாந்தில் அமைதி என்றால் ஒருவர் யோசிக்கிறார் என்று அர்த்தம். மதுரையில் அமைதி என்றால் கோபம். ஜெயந்தி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரலே வெளுத்துவிட்டது.

“இதை அன்றைக்கே படித்தேன். வாழ்த்து என்று நினைத்தேன். இது வேலை என்று எனக்குத் தெரியவில்லை” என்றார் பெக்கா. இன்னும் கொஞ்சம் யோசித்தார். “நான் கேட்டிருக்கலாம்.”

ஹன்னா ஜெயந்தியைப் பார்த்தார். “நீங்கள் நேரத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்?”

ஜெயந்தி என்னைப் பார்த்தார். பிறகு அவரே ஆங்கிலத்தில் சொன்னார், “நீங்க வருத்தமா இருந்தீங்க மேடம். அதான்.”

ஹன்னா குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

ஹன்னா முன்பு என்னிடம் கேட்ட கேள்விக்கு என் பதிலை எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஜெயந்தி இருக்க வேண்டும். அவரைப் போகச் சொன்னால் அடுத்து வருகிறவரும் இதே போலத்தான் எழுதுவார், இதே போலத்தான் நாங்களும் படிப்போம். மாற வேண்டியது இரண்டு பக்கமும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மேலாளர் எதிரே நான் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

திங்கட்கிழமை சொல்வதாக ஹன்னா சொன்னார்.

சனிக்கிழமை ஜெயந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் அவரிடமும் கேள்விமேல் கேள்வி கேட்டார். எங்கள் தலைக்குமேல் விமானங்கள் வீட்டைத் தொடுவதுபோல் தாழ்ந்து போய்க்கொண்டிருந்தன. யாழினி மொட்டைமாடியில் நின்று ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தி அவள் பக்கத்தில் போய் நின்றார். இருவரும் என்ன மொழியில் பேசினார்களோ, கீழே இறங்கி வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் மெயில் வந்தது. ‘ஜெயந்தி தொடர்கிறார். புதிய முறையும் தொடரட்டும். நன்றி. ஹன்னா.’

ஜெயந்தி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “மேடத்துக்கு இன்னும் கோவம் தீரலையோக்கா? இம்புட்டுத்தான் எழுதிருக்காங்க” என்றார்.

“ஜெயந்தி, நன்றின்னு போட்டுருக்காங்க பாருங்க. எனக்கு அவங்க நன்றி எழுதுனதே ரொம்பக் கம்மி.”

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வெளியே போய் வீட்டுக்குப் போன் செய்தார். எனக்கு ஒரு சொல்லும் புரியாத அவர்கள் மொழியில், வேகவேகமாக, சத்தமாக, யாரையும் பேசவிடாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

7

இப்போது குளிர்காலம். பொது இன்பாக்ஸ் பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் காலியாகிவிடுகிறது. போன மாதம் இன்னொரு மருத்துவமனையில் இயந்திரம் நின்றது. ஜெயந்தியின் மெயில் இரண்டே வரி. மெயில் வந்து சேருமுன்னே பெக்காவைப் போனிலும் கூப்பிட்டுவிட்டார். மதியத்துக்குள் ஆள் போய்ச் சரிசெய்துவிட்டார். யாருடைய சிகிச்சையும் தள்ளிப்போகவில்லை.

பெக்காவும் மாறியிருக்கிறார். அவர் மெயிலில் இப்போதெல்லாம் மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது. ‘அங்கே வெயில் எப்படி?’ என்று ஒருநாள் கேட்டிருந்தார். ஜெயந்தி அதை எனக்குப் படம் எடுத்து அனுப்பினார், தன் பங்குக்கு ஒன்றும் எழுதாமல்.

நேற்று காப்பி இடைவேளையில் பெக்கா என் மேசைக்கு வந்தார். இங்கே யாரும் காரணமில்லாமல் இன்னொருவர் மேசைக்கு வரமாட்டார்கள். குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார்.

“ஒரு சந்தேகம்” என்றார். “ஜெயந்தி சாயங்காலம் வேலை முடிந்து போனை வைக்கும்போது கடைசியாக ஒரு சொல் சொல்கிறார். ஆங்கிலம் இல்லை. ‘வாரேன்.’ ஒவ்வொரு முறையும் சொல்கிறார். என்ன அர்த்தம்?”

“வருகிறேன் என்று அர்த்தம்.”

அவர் அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“இங்கேயா? எப்போது வருகிறார்? என்னிடம் யாரும் சொல்லவில்லையே. அனுமதி அட்டைக்கு முன்கூட்டியே எழுத வேண்டும்.”

அவர் கேலி செய்யவில்லை. அவருக்குக் கேலி செய்யத் தெரியாது. போகிறவர்கள் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், போகிறேன் என்று சொல்லும் பழக்கமில்லை என்று விளக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது: கோடையில் திரும்பும்போது, விமான நிலைய வாசலில் அண்ணன் என் பெட்டியை இறக்கிவைத்தபோது நானும் அவரிடம் ‘வாரேன்’ என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன், எப்போது என்று கேட்கவில்லை.

“நாள் இன்னும் சொல்லவில்லை” என்றேன் பெக்காவிடம்.

“சரி” என்றார் அவர். “தெரிந்ததும் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.”